பதிமூன்றாம் வளைவில் முறுக்கு

நான் ஏற்காட்டில் குப்பை கொட்டிய பதினொரு வருஷத்தில் அங்கே வெயில் நேரத்துக்கு அடித்ததில்லை, தபால் நேரத்துக்கு வந்ததில்லை, குழாயில் தண்ணீர் வருகிறது என்பதே பாதி நாள் வதந்தி. ஆனால் சேலம் போகும் பஸ் மட்டும் ஒரு நிமிஷம்கூடப் பிந்திக் கிளம்பியதில்லை. அதற்கு ஒரே காரணம் எங்கள் டைம்கீப்பர். உலகத்தில் அவரைப் போல் நேரத்துக்கு அடிமையான இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் என் மனசில் தெம்பில்லை.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் பஜார் கடைக்காரர்கள் முதல் வாழவந்தியிலிருந்து ஆரஞ்சுக் கூடையோடு வருகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். ஒரு தனியார் பஸ் கம்பெனி அவரை பஸ் ஸ்டாண்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்த்தி வைத்திருந்தது. காக்கிச் சட்டை, கழுத்தில் மப்ளர், மப்ளருக்கு மேல் கயிற்றில் தொங்கும் விசில், எதிரே ஒரு நீள நோட்டு. சேலத்திலிருந்து வரும் பஸ் எத்தனை நிமிஷம் தாமதம், என்ன காரணம் என்று அந்த நோட்டில் எழுதுவது அவர் வேலை. நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'தாமதம் 6 நிமிடம். காரணம்: எருமை.' அதற்குக் கீழே 'தாமதம் 9 நிமிடம். காரணம்: மேகம்.' அதற்கும் கீழே 'தாமதம் 4 நிமிடம். காரணம்: டிரைவர், இரண்டாவது டீ.'

வருகிற பஸ் தாமதமாகலாம். போகிற பஸ்ஸைத் தாமதமாக்க எமனாலும் முடியாது. ஒருமுறை பஸ் முதலாளியின் மைத்துனரே பாதி சவரம் செய்த முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். டைம்கீப்பர் அவரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது. "ஏனுங்க, நான் யாருன்னு தெரியுமுங்களா?" என்று நுரை பறக்கக் கத்தினார் மைத்துனர். "தெரியுமுங்க. ஒன்பது நாப்பதைத் தவற உட்டவருங்க" என்றார் டைம்கீப்பர்.

சொந்த மனைவிக்கும் அதே கதிதான். பழனியம்மா அக்கா ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இருந்தபோது விசில் ஊதி, கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கியதால் உயிர் பிழைத்த கதையை அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார். அவர்கள் வீட்டில் சோறு வேகுவதும் பஸ் கணக்கில்தான். "தம்பி, ஏழு இருவதுக்கு ஒலை வெச்சா ஏழு அம்பதுக்கு வடிக்கலாம்" என்பார். நான் அப்போது ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் ஜாகை மேலேயும் ஒழுகும், பக்கவாட்டிலும் ஒழுகும் என்பதால், பஜாருக்குப் பின்னால் அவர்கள் வீட்டை ஒட்டி வாடகைக்குக் குடியிருந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பைச் சொல்வதற்கு முன்னால் ஏற்காட்டுத் தீபாவளியைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கு ஐப்பசி என்றால் மழை. எங்களுக்கு ஐப்பசி என்றால் மேகம் வீட்டுக்குள் வந்து விருந்தாளியாக உட்காருவது. உப்பு ஜாடியில் உப்பு கரைந்து தண்ணீராக நிற்கும். தீப்பெட்டியை மடியில் வைத்துச் சூடு காட்டித்தான் உரசவேண்டும். பட்டாசு வெடிக்காது, இருமும். பலகாரம் இருக்கிறதே, அதைப் பற்றிப் புலம்ப ஒரு நாள் போதாது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுக்கும்போது முறுக்கு முறுக்காகத்தான் இருக்கும். எடுத்து, தட்டில் போட்டு, 'சாமிக்குப் படைச்சாச்சா?' என்று கேட்டு முடிப்பதற்குள் தளர்ந்துவிடும். கச்சாயம் என்கிற வெல்லப் பணியாரம் பரவாயில்லை, அது பிறவியிலேயே மெத்து. எள்ளும் ஓமமும் போட்டு, வெண்ணெய் பிசைந்து, முதுகு ஒடியப் பிழிந்த முறுக்கு, வாழைநாரைப் போல் கையில் துவண்டு கிடப்பதைப் பார்த்து எத்தனை பெண்கள் அந்த மலையில் அழுதிருப்பார்கள்! என் வீட்டுக்காரி இரண்டு வருஷம் அழுதாள். மூன்றாம் வருஷம் முறுக்குச் சுடுவதையே விட்டுவிட்டாள்.

டைம்கீப்பரின் ஒரே மகள் சுந்தரி. அவளைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன். கொஞ்சம் ரோஷக்காரன், அவ்வளவுதான். தலைதீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மலை ஏறி வந்தார்கள். சம்பந்தியம்மா தங்கள் மண்டியிலிருந்தே பச்சரிசியைப் பொறுக்கி எடுத்து, இடித்து, சலித்து, மாவாகவே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவ்வளவு மரியாதையான குடும்பம்.

அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுசு உடுத்தி, மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்தார். பேச்சுத் துணைக்கு என்னையும் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரு பக்கம், கச்சாயமும் முறுக்கும் ஒரு பக்கம். டைம்கீப்பர் எதிரே நின்று மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முதலில் முறுக்கைத்தான் எடுத்தார். அது உடையவில்லை. வளைந்தது. விரலில் மாட்டித் தொங்கியது.

எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் நானும் வாயை மூடிக்கொண்டு இட்லியைப் பிட்டிருக்கலாம். நான் அந்தக் காலத்தில் தமாஷ் பேர்வழி என்று பெயர் எடுத்திருந்தேன், நாசமாய்ப் போக. "பயப்படாதீங்க மாப்ள, அது மலையேறி வந்த களைப்புங்க. செத்த நேரம் படுத்து எந்திரிச்சா நிமிந்துக்கும்" என்றேன். இதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்த வேகத்தில், "மாமா, இதுல நாலு படி சுட்டு எங்க மண்டிக்கு அனுப்புங்க. மூட்டை கட்டக் கயிறு நொம்பத் தட்டுப்பாடா இருக்குது" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சத்தியமாகத் தெரியும்.

டைம்கீப்பருக்கு முகம் கறுத்துவிட்டது. இருபது வருஷமாக யாரிடமும் தாமதம் என்று பெயர் வாங்காத மனிதர், மாப்பிள்ளை எதிரில் முறுக்கில் தோற்று நிற்கிறார். தோற்றவர்கள் பேசுவதைத்தான் அவரும் பேசினார். "மாவு உங்க மண்டி மாவுதானுங்களே மாப்ள. பூச்சி புடிச்ச அரிசிய இடிச்சு அனுப்புனா முறுக்கு எப்புடி நிக்கும்?"

மாப்பிள்ளை கையில் இருந்ததை இலையில் வைத்தார். பாதி இலையில் எழுந்தார். கொங்கு வீட்டில் மாப்பிள்ளை பாதி இலையில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பழனியம்மா அக்கா குறுக்கே ஓடி வந்து, "ஐயோ சாமி, அவரு வாய்க்கு வந்ததைப் பேசிப்போட்டாரு, உக்காருங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நீங்க எந்திரிங்க அத்தை. எங்க மண்டி அரிசியில பூச்சின்னு சொன்ன ஊட்டுப் படிய நான் இனி மிதிக்க மாட்டேன்."

பத்தே காலுக்கு பஸ். தீபாவளி என்றாலும் டைம்கீப்பருக்கு லீவு கிடையாது. இந்த மனிதர் லீவு கேட்டிருந்தால்தானே கிடைக்கும்? நான் அவர் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் மாப்பிள்ளை ஜன்னல் ஓரத்தில் மறுபக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுந்தரி படியில் நின்றுகொண்டு அழுதாள். "அப்பா, ரெண்டே ரெண்டு நிமிசம் நிறுத்துங்கப்பா. நான் அவருகிட்டப் பேசி எறக்கிப்போடறேன். ரெண்டு நிமிசமுங்கப்பா."

டைம்கீப்பர் மகளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விசிலை ஊதினார்.

பஸ் போன பிறகு அங்கேயே நின்றிருந்தார். நான் கிட்டே போனேன். "கை தானா வாய்க்குப் போயிருச்சுங்க தம்பி" என்றார். பிறகு தகரப் பெட்டிக்குள் போய் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் சங்கதிகள். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் வழக்கம். சுந்தரிக்குப் பிரசவம் சேலத்தில், மாமியார் வீட்டில் நடந்தது. அக்கா மட்டும் பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்தை இடித்து எடுத்துக்கொண்டு போய்ப் பேத்தியைப் பார்த்து வந்தார். டைம்கீப்பர் போகவில்லை. "என்ன மூஞ்சியோட போறதுங்க?" என்றார். நியாயமான ஆளாக இருந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார். இவர் வேறு ஒரு முடிவுக்கு வந்தார். முறுக்கு நமத்துப் போனதால்தான் குடும்பம் பிரிந்தது, ஆகவே நமக்காத முறுக்கைச் செய்துவிட்டால் குடும்பம் சேர்ந்துவிடும் என்று அவர் மனசில் உறுதியாகிவிட்டது. வருஷம் முழுவதும், தீபாவளி இல்லாத மாசங்களிலும், அந்த வீட்டில் முறுக்குச் சுட்டார்கள்.

முதலில் முறுக்கு டப்பாவை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டார். முறுக்கு நமக்கவில்லை, ஆனால் கருவாட்டு வாசனை அடித்தது. அடுத்து யாரோ சொன்னார்கள் என்று டப்பாவின் அடியில் சுண்ணாம்புக் கல்லை வைத்து மேலே துணி விரித்தார். கல் ஈரத்தை உறிஞ்சி, பூத்து, துணியைத் தாண்டி, முறுக்கு முழுவதும் வெள்ளை பூசிவிட்டது. "வெத்தலையும் பாக்கும் வெச்சா முடிஞ்சுது" என்றார் அக்கா. பிறகு டப்பாவுக்குள் நூறு வாட் பல்பு ஒன்றை இறக்கினார். இது அருமையாக வேலை செய்தது. இரண்டு மணி நேரம் மொறுமொறு என்று இருந்தது. மூன்றாவது மணி நேரத்தில் கரண்ட் போய், திரும்பி வர மூன்று நாளாயிற்று. ஒவ்வொரு தோல்வியையும் ருசி பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கும் போகாமல் இருக்க முடியாது. நான் போட்ட தமாஷ் அல்லவா அது?

இரண்டாம் வருஷம்தான் அவருக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. சேலத்தில் அவர் உடன்பிறந்த அக்காள் வீட்டில் முறுக்குச் சுட்டு, பஸ்ஸில் மேலே கொண்டுவருவது. கூட என்னையும் இழுத்துக்கொண்டார். மடியில் டப்பா, ஒரு கையில் கடிகாரம். மலை ஏற ஆரம்பித்ததும் முதல் கொண்டை ஊசி வளைவில் டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை ஒடித்தார். கடக் என்றது. "ஒண்ணு, பாஸ்" என்றார். இரண்டாவது வளைவில் இன்னொன்று. மூன்றாவதில் இன்னொன்று. ஒடித்ததை எல்லாம் நான் தின்ன வேண்டும். எட்டாவது வளைவில் எனக்கு விக்கியது. பதிமூன்றாவது வளைவு வரை கடக். பதினாலில் மேகம் ஜன்னலுக்குள் வந்தது. முறுக்கு ஒடிந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. பதினாறில் வளைந்தது. இருபதாவது வளைவில் அது பழைய ஏற்காட்டு முறுக்கேதான்.

கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க டைம்கீப்பரே, வளைவுக்கு ஒருக்கா மூடியத் தொறந்தா நமுக்காம என்னுங்க பண்ணும்? மூடியே வெச்சுக்கிட்டு வந்தா என்னுங்க?"

"தொறக்காம எப்புடித் தெரியுமுங்க?" என்றார் டைம்கீப்பர்.

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. மூடியே கொண்டுவந்தால் மட்டும் என்ன? இலையில் வைத்து மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்க வேண்டுமே. அதையும் சோதித்தார். வாரத்துக்கு ஒருமுறை ஒரு வளைவில் இறங்கி, இலை விரித்து, முறுக்கு வைத்து, கடிகாரத்தோடு உட்கார்ந்தார். பதினாலாவது வளைவில் நாலு நிமிஷம். பதிமூன்றாவது வளைவில் இருபத்திரண்டு நிமிஷம். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது.

இதற்கு நடுவில் நான் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தேன். வருஷத்துக்கு இரண்டு. 'அந்தப் பேச்சை ஆரம்பித்தவன் நான்தான், தண்டனையை எனக்குக் கொடுங்கள்' என்று எழுதினேன். பதில் கிடையாது. நான்காம் வருஷம் புரட்டாசியில் சுந்தரியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'அவருக்குக் கோபம் குறைந்துவிட்டது. ஆனால் படி மிதிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதால் எப்படி வருவது என்கிறார். பாப்பாவுக்கு மூன்று வயசு ஆகிறது. தாத்தா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள்.'

டைம்கீப்பர் அந்தக் கார்டை மூன்று முறை படித்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். "தம்பி, ஊட்டுப் படிய மிதிக்க மாட்டேன்னுதானுங்களே சொல்லியிருக்காரு? ரோட்டுக்கு ஏதுங்க படி?"

எனக்குப் புரிந்தது. எழுந்து போய்ப் பேனாவை எடுத்தேன்.

நான்தான் எழுதினேன். தீபாவளியன்று பதிமூன்றாவது வளைவில் விருந்து. மாப்பிள்ளை நேராக ஒத்துக்கொள்ளவில்லை. 'அன்றைக்குக் குழந்தைக்கு ஏரி காட்டப் போவதாக இருக்கிறேன். வழியில் பஸ் நின்றால் அது டிரைவர் பாடு' என்றாராம். சுந்தரி அப்படியே எழுதியிருந்தாள். கார்டின் ஓரத்தில் சின்னதாக, 'அவர் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிசு' என்றும் எழுதியிருந்தாள்.

அன்று டைம்கீப்பர் வாழ்க்கையில் முதல்முறையாக லீவு போட்டார். காலை முதல் பஸ்ஸில் ஸ்டவ், எண்ணெய்ச் சட்டி, பிசைந்த மாவு, முறுக்குக் குழல், வாழை இலை, ஒரு தார்ப்பாய் எல்லாவற்றோடும் நானும் அவரும் அக்காவும் பதிமூன்றாவது வளைவில் இறங்கினோம். மழை இல்லை. மேகம் மேலே பதினாலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா பிழிந்தார், டைம்கீப்பர் திருப்பிப் போட்டார், நான் குரங்கு விரட்டினேன். நன்றாக விரட்டவில்லை. முதல் ஈடு முழுவதும் குரங்குகளுக்குப் போயிற்று. ஆனால் அவை சுவர் மேல் உட்கார்ந்து தின்னும் சத்தம் கடக் கடக் என்று தெளிவாகக் கேட்டது. டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். "பாஸ்" என்றார்.

பஸ் வந்து நின்றது. சுந்தரி குழந்தையோடு இறங்கினாள். மாப்பிள்ளை இறங்கவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தி பார்த்த அதே மாதிரி, மறுபக்கத்து ஜன்னலோரம் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். டைம்கீப்பர் பேத்திக்கு எதிரே குனிந்து நின்றார். கை நீட்டினார், மடக்கினார், என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "தாத்தாவுதுங்க கண்ணு. வெச்சுக்க சாமி" என்றார்.

பிறகு இலையில் இரண்டு முறுக்கை வைத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிப் போய் மாப்பிள்ளையின் ஜன்னலுக்குக் கீழே நின்றார். அந்தப் பக்கம் பள்ளம். ஒரு அடி பின்னால் வைத்தால் ஆள் அடிவாரத்தில் போய் விழவேண்டியதுதான்.

"மாப்ள, உங்க அரிசியில பூச்சி இல்லீங்க. எந்நாக்குலதானுங்க இருந்துச்சு. மன்னிச்சுப்போடுங்க."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்த ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளை மாமனாரைப் பார்க்கவில்லை. தூரத்து மலையைப் பார்த்தபடியே கையை மட்டும் வெளியே நீட்டினார். ஒரு முறுக்கை எடுத்தார். கடித்தார்.

கடக்.

அந்தச் சத்தத்துக்காக அந்த மனிதர் நாலு வருஷம் காத்திருந்தார். இலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். மாப்பிள்ளை மென்று, விழுங்கி, இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். "உப்புச் சரியா இருக்குதுங்க" என்று மலையிடம் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் இறங்கியிருப்பார் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். ஒரு கை முன்னாலிருந்த சீட்டைப் பிடித்திருந்தது. எழுந்திருக்கிறவர்கள்தான் அப்படிப் பிடிப்பார்கள்.

டிரைவர், பாவம், ஹாரனைக்கூட அடிக்காமல் காத்திருந்தார். பயணிகளுக்கெல்லாம் அக்கா முறுக்குக் கொடுத்தார். டைம்கீப்பர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு, இருபது, இருபத்தொன்று. மேலே பதினாலிலிருந்து மேகம் கீழே இறங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை சீட்டிலிருந்து பாதி எழுந்தார்.

அப்போது குழந்தை விசிலை ஊதிவிட்டது.

டிரைவர் பதினைந்து வருஷமாக அந்த விசிலுக்குப் பழகியவர். யார் ஊதினார்கள் என்று பார்க்க அவருக்குப் பழக்கமில்லை. கியரைப் போட்டார், பஸ் நகர்ந்தது. எழுந்த மாப்பிள்ளை அப்படியே சீட்டில் விழுந்தார். சுந்தரி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள், கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார். "ஏய் நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நானும் அக்காவும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். பஸ் வளைவைத் திரும்பி மேகத்துக்குள் போய்விட்டது. குழந்தைக்கு விளையாட்டுப் பிடித்துப் போயிற்று. மேகத்துக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டுக்கொண்டே போனது.

திரும்பிப் பார்த்தேன். டைம்கீப்பர் நடுரோட்டில் வெறும் இலையோடு நின்று கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "பாத்தீங்களா தம்பி," என்றார், "இருவத்திரண்டு நிமிசம். கரெக்ட் டைமுங்க. நம்ம ரத்தமாச்சுங்களே."

அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அக்கா நேராக ஏரிக்கு ஓடினார். ஏரியை மேகம் மூடியிருந்ததால் சுந்தரியும் மாப்பிள்ளையும் ஜீப் பிடித்துக் கீழே போய்விட்டதாகச் சொன்னார்கள். வழியில் பதினேழாவது வளைவில் எங்கள் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்ற ஜீப் அதுவாகத்தான் இருந்திருக்கும். டைம்கீப்பர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், லீவு நாளிலும் தன் தகரப் பெட்டியைத் திறந்து, நோட்டை எடுத்து எழுதினார். 'தாமதம் 22 நிமிடம். காரணம்: மகள்.' கம்பெனி அதற்காக அவரை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தது. அந்த ஒரு வாரமும் அவர் அடுத்த தீபாவளிக்கு முறுக்கு இன்னும் மூன்று நிமிஷம் நமக்காமல் நிற்கிற மாதிரி மாவில் என்ன சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தீபாவளி அவருக்கு வரவில்லை. ஆவணியில் பிடித்த மார்ச்சளி புரட்டாசியில் அவரைக் கொண்டுபோய்விட்டது. செய்தி போன அன்று மாப்பிள்ளை இருபது வளைவும் ஏறி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மிதித்தார். உள்ளே போய் மாமனாரின் கால்மாட்டில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி அழுதார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அந்தப் படிக்கு நாலு விரற்கடை உயரம்கூட இருக்காது. அதை ஏற எங்களுக்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒரு பங்கு என் நாக்குக்கும் உண்டு.

டைம்கீப்பரை எடுத்த நேரத்தில் சேலம் பஸ் கிளம்ப வேண்டிய நேரம் வந்தது, போனது. யாரும் ஊதவில்லை. டிரைவரும் கண்டக்டரும் பயணிகளும் இறங்கிக் கூடவே நடந்து வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் காலியாக நின்றது.

திரும்பி வரும்போது தகரப் பெட்டி திறந்து கிடந்தது. நோட்டு அங்கேயே இருந்தது. எழுத ஆள் இல்லை. நான் ரைட்டர்தானே என்று உட்கார்ந்து எழுதினேன். எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டேன். 'காரணம்: டைம்கீப்பர்' என்று மட்டும் எழுதினேன். எழுதும்போதே மை கலைந்து பரவியது. போகட்டும், ஏற்காட்டில் எதுதான் நமக்காமல் இருந்திருக்கிறது?